சிற்றுருக் கப்பலின் மேற்றளம்

கரையில் நின்று கப்பலைக் காண்பவன் அதன் பாய்களையும் பாய்மரங்களையுமே முதலிற் காண்கிறான். கப்பலில் வாழ்பவனுக்கோ அவன் கால் பதியும் மேற்றளமே கப்பல். அங்கேதான் அவன் கயிறு இழுக்கிறான், அங்கேதான் உண்கிறான், அலை ஏறிப் பாயும்போது எதையேனும் பற்றிக்கொண்டு உயிர் காப்பதும் அங்கேதான். ஆகவே, ஒரு கப்பலின் சிற்றுருவைச் செய்ய முற்படுபவன் அதன் புறவடிவை எத்துணை அழகாகச் செதுக்கினாலும், மேற்றளத்தைச் செவ்வையாக அமைக்காவிடின், அவன் செய்தது கப்பலின் நிழலேயன்றிக் கப்பல் அன்று.

சிற்றுருக் கப்பல் செய்யும் கலையில் இரு வழிகள் உண்டு. ஆயத்த உறுப்புகளைப் பெட்டியோடு வாங்கி, காட்டியபடி பொருத்துவது ஒன்று. வெறும் மரத்துண்டும் வரைபடமும் கைக்கருவிகளும் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் தானே ஆக்குவது மற்றொன்று. இரண்டாவது வழியிற் செல்பவன் உடற்பகுதியை முடிக்கவே பல மாதங்களைச் செலவிடுவான். அது முடிந்ததும், வேலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் அவனுக்கு உண்டாகிறது. உண்மையில் அப்பொழுதுதான் மேற்றளத்துக்குரிய நூற்றுக்கணக்கான சிற்றுறுப்புகள் அவனை எதிர்நோக்கி நிற்கின்றன. நல்ல சிற்றுருக்கள் பல கெடுவதும் இந்த இடத்திலேதான். பொறுமை இழந்தவன் தளத்தை வெறுமையாக விட்டுவிடுகிறான். அல்லது கடையிற் கிடைக்கும் அளவொவ்வாத உறுப்புகளை வாங்கி ஒட்டிவிடுகிறான்.

இதனை விளக்குதற்கு 'கட்டி சார்க்' என்னும் புகழ்பெற்ற கப்பலை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1869 நவம்பர் 22 ஆந் திகதி அது நீரில் இறக்கப்பட்டது. சீனத் தேயிலையை இலண்டனுக்கு விரைந்து கொண்டுசெல்லக் கட்டப்பட்ட பாய்க்கப்பல் அது. ஆனால், சுயெஸ் கால்வாய் அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே திறக்கப்பட்டுவிட்டது. நீராவிக் கப்பல்களுக்கு அதனாற் குறுக்குவழி கிடைத்தது. தேயிலை வாணிகத்தில் பாய்க்கப்பல்களின் காலம் முடியத் தொடங்கியது. கட்டி சார்க் பின்னர் அவுஸ்திரேலியக் கம்பளி ஏற்றிப் புகழடைந்தது. 1895 இல் போர்த்துக்கேயரிடம் விற்கப்பட்டது. 1922 இல் டௌமன் என்னும் கப்பற்றலைவர் அதனை மீட்டார். 1954 முதல் இலண்டனின் கிறீனிச்சில் உலர்துறையில் நிற்கிறது. சிற்றுருச் செய்வோர் உலகெங்கும் விரும்பி எடுக்கும் கப்பல்களுள் இதுவும் ஒன்று. லோங்ரிட்ஜ் என்னும் ஆங்கில மருத்துவர் இக்கப்பலின் சிற்றுருவைச் செய்து, அதன் முறையை 1933 இல் நூலாகவும் எழுதினார்.

கப்பலின் நீளம் ஏறக்குறைய 212 1/2 அடி. அகலம் 36 அடி. இதனை 96 இல் ஒரு பங்காகக் குறைத்தால், அதாவது 8 அடியை ஓர் அங்குலமாகக் கொண்டால், சிற்றுருவின் நீளம் 26 1/2 அங்குலமும் அகலம் 4 1/2 அங்குலமும் ஆகும். ஒரு மேசைமீது வைக்கத்தக்க அளவு இது. ஆனால், இந்த எளிய கணக்கே மேற்றளத்தை அமைப்போனுக்கு நாள்தோறும் சோதனையாகிறது. 5 அடி 8 அங்குல உயரமுள்ள மாலுமி இவ்வளவையில் 18 மில்லிமீற்றர் உயரமே உடையவன். 3 அடி உயரமுள்ள கைபிடிச் சட்டம் ஓர் அங்குலத்தின் எட்டில் மூன்று பங்கு. 16 அங்குல நீளமுள்ள கயிறு கட்டும் முளை 4 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒரு மில்லிமீற்றர் தடித்த பித்தளைக் கம்பியைக் கைபிடியாக வைத்தால், உண்மைக் கப்பலில் அது ஏறக்குறைய 4 அங்குலத் தடிப்பாகிவிடும். எந்த மாலுமியின் கையும் அதனைச் சுற்றிப் பற்றமாட்டாது.

அனுபவமுள்ளோர் இதற்கு எளிய உபாயம் ஒன்றைக் கையாள்வர். கட்டியான அட்டையில் 18 மில்லிமீற்றர் உயரத்தில் ஓர் ஆளுருவை வெட்டி, வேலைமேசையில் எப்பொழுதும் வைத்திருப்பர். புதிதாகச் செய்த ஒவ்வோர் உறுப்பின் பக்கத்திலும் அவ்வாளை நிறுத்திப் பார்ப்பர். கதவினுள் அவன் குனியாமல் நுழைகிறானா? ஏணிப்படி அவன் முழங்காலுக்கு மேலே போய்விட்டதா? சுக்கான் சக்கரத்தின் பிடி அவன் கைக்கு எட்டுகிறதா? இவற்றுக்கு அட்டை மனிதன் தரும் விடை அளவுகோல் தரும் விடையினும் விரைவானது. கண் பழகிய பிழையை அளவுகோலும் சிலவேளை காட்டாது விடும்; அம்மனிதன் காட்டாது விடுவதில்லை.

முதலிற் செய்யவேண்டியது தளப்பலகை பாவுதல். 5 அங்குல அகலமுள்ள பலகைகளைக் கொண்டால், 36 அடி அகலத்துக்கு எண்பதுக்கு மேற்பட்ட பலகைகள் வேண்டும். சிற்றுருவில் ஒவ்வொன்றும் 1.3 மில்லிமீற்றர் அகலமே. கப்பலின் தளம் தேக்கினாலானது என்பதற்காகச் சிற்றுருவிலும் தேக்கையே பாவுவோர் உளர். அது தவறான பற்று. பலகையைச் சிறிதாக்கலாம், மரத்தின் நாரைச் சிறிதாக்க இயலாது. தேக்கின் பருத்த நார் இச்சிற்றளவில் கயிறு திரித்ததுபோலத் தோன்றும். ஆதலின், நார் தெரியாத நெருக்கமான வெளிறிய மரமே ஏற்றது. மஞ்சட் கடம்பு போன்ற நுண்ணிய மரங்கள் இதற்கு நன்கு உதவும்.

உண்மைக் கப்பலில் பலகைகளின் இடைவெளியிற் சணல்நாரை அடித்துத் திணித்து, மேலே கீல் ஊற்றுவர். நம் ஓடாவிமார் இதனைக் கலப்பற்று என்பர். நீர் கீழே ஒழுகாமற் காப்பது அக்கருங்கோடுதான். அதன் அகலம் அரை அங்குலத்துக்கும் குறைவு. சிற்றுருவில் மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவு. இக்கோட்டைக் காட்டக் கருநூலைப் பலகைகளுக்கிடையே வைப்பவன் பெரும்பிழை செய்கிறான். அரை மில்லிமீற்றர் நூல் உண்மையில் 2 அங்குலக் கீற்பட்டை ஆகிவிடும். பலகையின் ஒரு விளிம்பில் மெல்லிய பென்சிற் கரியைத் தேய்த்து ஒட்டினாற் போதும். சற்று விலகி நோக்கும்போது கோடு தெரிந்தும் தெரியாததுமாக இருத்தலே உண்மைக்கு நெருங்கியது.

பலகைகளின் நுனிகள் சந்திக்கும் இடங்களிலும் ஒழுங்கு உண்டு. ஒரே குறுக்குவிட்டத்தின்மேல் இரு சந்திப்புகள் வருமாயின், அவற்றுக்கிடையே குறைந்தது மூன்று பலகைகளேனும் முறியாது செல்லவேண்டும் என்பது கப்பற்றச்சர் பின்பற்றிய வழக்கு. சந்திப்புகள் அடுத்தடுத்து வந்தால் தளம் அவ்விடத்தில் வலுவிழந்துவிடும். அன்றியும், அணியத்தை நோக்கித் தளம் ஒடுங்கும்போது பலகைகளை ஊசிமுனையாகச் சீவிவிடலாகாது. கூரிய நுனியில் ஆணி ஏறினால் பிளக்கும், கலப்பற்று நில்லாது. ஆகவே விளிம்புப் பலகையில் வெட்டு வெட்டி, மழுங்கிய நுனியை அதனுள் பொருத்துவர். சிற்றுருவில் இவ்வெட்டு ஒரு கடுகளவே. எனினும் கப்பல் அறிந்தவன் கண் முதலிற் செல்வது அங்கேதான்.

அடுத்தது தள அறைகள். கப்பலின் மேற்றளம் தட்டையானது அன்று. நீர் இருபக்கமும் வடிந்தோடுமாறு நடுவிற் சற்றே உயர்ந்திருக்கும். அகலத்தில் அடிக்குக் கால் அங்குலம் என்ற பழைய கணக்கின்படி 36 அடி அகலத்துக்கு 9 அங்குல உயர்வு உண்டு. அத்துடன் அணியத்தையும் பின்னணியத்தையும் நோக்கித் தளம் நீளவாட்டிலும் மேலெழும். இத்தகைய இருவளைவுடைய தளத்தின்மேல் தட்டையான அடியுடைய பெட்டியை வைத்தால், நான்கு மூலையிலும் வெளிச்சம் தெரியும். பசையால் அவ்விடைவெளியை நிரப்புவது அழகன்று. அரத்தாளைத் தளத்தின்மேல் முகம் மேலாக விரித்து, அறை நிற்கவேண்டிய இடத்தில் அதனை வைத்து, மெல்ல முன்னும் பின்னும் தேய்க்கவேண்டும். அறையின் அடி தளத்தின் வளைவைத் தானே ஏற்றுக்கொள்ளும். இவ்வேலையை அவசரத்திற் செய்பவனின் அறைகள் ஒருபுறம் சாய்ந்து நிற்கும்; சுவர்கள் பாய்மரத்தோடு ஒத்து நேராக நிற்கின்றனவா என்பதை இடையிடையே பார்த்தல் அவசியம்.

ஒவ்வோர் உறுப்பையும் செய்யுமுன் அது அங்கே எதற்காக இருக்கிறது என்று கேட்பவனே சிறந்த சிற்றுருவாளன். சரக்கறையின் வாயைச் சுற்றி உயர்ந்த மரவிளிம்பு இருப்பது, தளத்தில் ஏறிய கடல்நீர் உள்ளே வழியாதிருத்தற்காம். கப்பற்றலைவரின் அறைக்கு ஒளி தரும் கண்ணாடிக் கூரையின்மேல் உலோகக் கம்பிகள் இருப்பது, மேலிருந்து கப்பியோ கருவியோ விழுந்தாற் கண்ணாடி உடையாதிருத்தற்காம். பக்கமதிலின் நீர்வாயில்களின் கதவுகள் வெளிப்புறமாகவே திறக்கும். உள்ளிருக்கும் நீர் தள்ளத் திறந்து, வெளியிலிருந்து அலை தள்ள மூடிக்கொள்ளும். இக்காரணத்தை அறியாதவன் கீலைத் தவறான பக்கத்தில் வைத்துவிடுவான். அறிந்தவனுக்கு வரைபடம் மங்கிய இடத்திலும் கை தடுமாறுவதில்லை.

பொருத்தும் வரிசையும் கருதத்தக்கது. பக்கமதிலின் உட்புறத்தில் உள்ள வளைய ஆணிகள், கயிறு கட்டும் முளைகளைத் தாங்கும் சட்டங்கள் முதலியவற்றைப் பாய்மரம் நாட்டுமுன்னரே பொருத்திவிடவேண்டும். கயிறுகள் கட்டிய பின்னர் விரல் அங்கே புகாது. இடுக்கியும் எளிதிற் புகாது. இரண்டாவதாக, மெருகெண்ணெய் பூசிய தளத்தின்மேற் பசை உறுதியாகப் பற்றாது. ஆகையால் ஒவ்வோர் உறுப்பின் அடியிலும் மெல்லிய பித்தளை ஊசியைப் பதித்து, தளத்திற் துளையிட்டு இறக்குதல் நன்று. கயிறு இழுக்கும் உறுப்புகளுக்கு இது இன்றியமையாதது. நூற்கயிறு ஈரக்காற்றிற் சுருங்கவும் வெயிலில் தளரவும் கூடும். நம் நாடு போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் இம்மாறுதல் அதிகம். வெறும் பசையால் நிறுத்திய ஒரு வளைய ஆணி சில ஆண்டுகளின் பின் பெயர்ந்து, அதனோடு கட்டிய கயிற்றையும் பாய்மரத்தின் நேர்மையையும் கெடுத்துவிடும்.

கயிறு கட்டும் முளைகளைச் செய்தல் பொறுமையின் பரீட்சை. அவை பத்து இருபது அல்ல. மூங்கிற் சிம்புகளை, சிறிதாகிக்கொண்டே செல்லும் துளைகளையுடைய உலோகத் தகட்டினூடாக இழுத்தால் ஒரே தடிப்பான குச்சிகள் கிடைக்கும். அவற்றை ஒரே நீளத்தில் நறுக்கி, ஒரு முனையைத் திரட்டி எடுப்பர். எல்லாம் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் பருத்திருந்தால் வரிசை முழுவதும் பிழையாகத் தோன்றும். ஆதலின் வேண்டியதற்கு மேலாகச் செய்து, ஒத்தவற்றை மட்டும் தெரிந்தெடுப்பதே வழக்கம்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்பவருக்குக் கட்டி சார்க்கின் வரலாறே விடை கூறும். 1872 இல் அக்கப்பலும் 'தெர்மோப்பிலே' என்னும் மற்றொரு பாய்க்கப்பலும் தேயிலை ஏற்றிக்கொண்டு சீனாவிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டன. இந்து சமுத்திரத்தில் கட்டி சார்க் முன்னணியில் இருந்தது. தென் ஆபிரிக்காவை அண்மித்த கடலில், ஓகஸ்ட் மாதத்தில், கடும் புயலிற் சிக்கி அதன் சுக்கான் முறிந்து போயிற்று. கப்பல் உரிமையாளரின் சகோதரரும் அதிற் பயணஞ் செய்தார். அண்மைத் துறைமுகத்துக்குச் செல்லுமாறு அவர் வற்புறுத்தினார். கப்பற்றலைவர் மூடி அதற்கு இணங்கவில்லை. உபரியாகக் கொண்டுவந்த மரக்கம்பத்தைக் கொண்டு, அலைகள் மோதும் அந்த மேற்றளத்திலேயே புதிய சுக்கான் ஒன்றைச் செய்யும் வேலை தொடங்கிற்று. தளத்தின்மேலேயே கொல்லுலை அமைக்கப்பட்டது. கப்பற்றச்சர் ஹென்டர்சன் வேலையை நடத்தினார். கப்பல் ஆட்டங்காணும் வேளையிற் காய்ந்த இரும்பை அடித்து, ஆணிகளும் பூண்களும் செய்து, சுக்கானைக் கீழே இறக்கிப் பொருத்தினர். அப்புதிய சுக்கானுடன் கப்பல் இலண்டனைச் சேர்ந்தது. போட்டிக் கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு வாரமே அது பிந்தியிருந்தது. போட்டியில் தோற்ற கப்பலுக்கே பெரும்புகழ் கிடைத்தது.

அக்கதையை ஒரு சிற்றுரு எவ்வாறு சொல்லும்? தளத்தின் ஓரத்தில் கட்டிவைத்த உபரி மரங்கள் அதனைச் சொல்லும். உலை வைக்கத்தக்க வெளி எவ்வளவு குறுகியது என்பதை, சரக்கறை வாய்க்கும் தள அறைக்கும் இடையிலுள்ள இடைவெளி சொல்லும். பக்கமதிலுக்கு மேல் அலை எவ்வளவு எளிதாக ஏறும் என்பதை அட்டை மனிதனின் உயரம் சொல்லும். உறுப்புகள் அளவிற் பருத்தால் தளம் சிறுத்துவிடும். வெறுமையாக விட்டால் தளம் மண்டபம்போல விரிந்துவிடும். இரண்டிலும் அம்மனிதர் பட்ட பாடு பொய்யாகிவிடுகிறது. சிற்றுருவாளனின் அளவுப் பிழை வெறும் அழகுக் குறை அன்று. உழைத்தவர்களைப் பற்றிய பொய்ச்சாட்சியும் ஆகும்.

இன்னுமொன்று. கப்பல் தன் வாழ்நாள் முழுவதும் ஒரேவிதமாக இருப்பதில்லை. கட்டி சார்க்கின் பாய்மரங்கள் 1880 இற் குறுக்கப்பட்டன. போர்த்துக்கேயர் காலத்தில் அதன் பாயமைப்பே மாற்றப்பட்டது. ஆகையால், எந்த ஆண்டின் கப்பலைச் செய்வது என்பதை முதலிலேயே முடிவுசெய்து, மேற்றளத்தின் ஒவ்வோர் உறுப்பையும் அவ்வாண்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். தேயிலைக் காலத்துப் பாய்மரமும் கம்பளிக் காலத்துத் தளமும் ஒரே சிற்றுருவில் நிற்குமாயின், அப்படியொரு கப்பல் எந்நாளும் கடலில் மிதந்ததில்லை.

நிறம் தீட்டுவதிலும் அடக்கம் வேண்டும். கடலும் வெயிலும் கண்ட தேக்குத்தளம் பளபளப்பதில்லை. வெளிறிச் சாம்பல் கலந்திருக்கும். பித்தளை உறுப்புகள் அனைத்தையும் பொன்போலத் துலக்கிவைத்தால், பார்ப்பவர் கண் கப்பலை விட்டு நகைகளை நாடும். நல்ல மேற்றளத்தில் எந்த உறுப்பும் தன்னைக் காட்டி நிற்பதில்லை. எல்லாம் சேர்ந்து கப்பலைக் காட்டுகின்றன.

2007 மே 21 ஆந் திகதி கிறீனிச்சில் நின்ற கட்டி சார்க்கில் தீப்பற்றியது. எரிந்தது பெரிது. ஆனால் அப்பொழுது பழுதுபார்க்கும் வேலை நடைபெற்றுக் கொண்டிருந்தமையால், பாய்மரங்களும் தள அறைகளும் பலகைகளிற் பெரும்பகுதியும் முன்னரே கழற்றப்பட்டு வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவை தப்பின. 2012 இற் கப்பல் மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. மரத்தாலான எப்பொருளும் ஒரு நாளில் அழியலாம் என்பதையும், உறுப்பு உறுப்பாக அறிந்து பேணியவை மீளலாம் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

நம் கரையிலும் இதற்கு ஒப்பான நினைவு உண்டு. வல்வெட்டித்துறையில் 1930 இற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அக்கப்பல்களைக் கட்டிய ஓடாவிமாரின் கலை பெரும்பாலும் கையிலும் கண்ணிலும் இருந்தது. அத்தகைய பாய்க்கப்பல்கள் இன்று நம் துறைகளிலிருந்து புறப்படுவதில்லை. அவற்றின் சிற்றுருவைச் செய்ய ஒருவன் முற்படுவானாயின், பாய்களின் எண்ணிக்கையை ஒரு புகைப்படத்திலிருந்து அறிந்துவிடலாம். ஆனால், அடுப்பு எப்பக்கம் இருந்தது, குடிநீர்ப் பீப்பாய் எதனோடு கட்டப்பட்டது, புயலில் எந்த முளையிலிருந்த கயிற்றை முதலில் அவிழ்த்தனர் என்பவற்றை, அத்தளத்தில் நின்றவர்களின் வழிவந்தோரிடமே அவன் கேட்டறிய வேண்டும். அவர்களும் மறந்துவிடுமுன் கேட்கவேண்டும்.

நான்கு மில்லிமீற்றர் முளையொன்றைச் செய்பவன், ஒரு காலத்தில் ஒரு மனிதன் இருளில் தடவிப் பற்றிய பிடியைச் செய்கிறான். அப்பிடி சரியான இடத்தில், சரியான அளவில் இருக்குமாயின், அவன் செய்த சிறு கப்பலில் அம்மனிதனுக்கும் ஓர் இடம் உண்டு.